பழைய சிஸ்டம், சின்ன பட்ஜெட்: எதை மாற்றுவது, எங்கே நிறுத்துவது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. ரேம் விலை ஏறிவிட்டது. பத்து வயது டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு சிறு தொழில் செய்பவர்களும் பள்ளிகளும் குடும்பங்களும் என்ன முடிவெடுக்கலாம்?

புதுச்சேரி நகரத்தின் வடமேற்கு விளிம்பில், கோரிமேட்டுக்கும் தட்டாஞ்சாவடிக்கும் பக்கத்தில் இருக்கிறது மேட்டுப்பாளையம். ஊட்டி மலை ரயில் புறப்படும் கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் வேறு. இது ‘பிப்டிக்’ தொழிற்பேட்டையும் லாரி முனையமும் அரசு ஐடிஐயும் அமைந்திருக்கும், உழைத்துப் பிழைப்பவர்களின் பகுதி. இப்படிப்பட்ட தொழிற்பேட்டைகளில் எந்தச் சிறு ஆலைக்குள் போனாலும், அலுவலக அறையில் ஒரு டெஸ்க்டாப் இருக்கும். டாலியில் கணக்கு, மாதம்தோறும் ஜிஎஸ்டி, இ-வே பில், வாடிக்கையாளர்களுக்கு மெயில், பக்கத்தில் கட்டைக் குரலில் இழுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் என்று நிறுவனத்தின் எழுத்து வேலை முழுவதும் அந்த ஒரு பெட்டியை நம்பி நடக்கிறது. பெட்டிக்கு எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும். காலையில் ஆன் செய்தால் வேலைக்குத் தயாராகப் பல நிமிடம் எடுக்கும். நடுவில் ‘ஹேங்’ ஆகும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை நிறுத்தியபோது, இத்தகைய பெட்டிகளின் உரிமையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியின் முன் வந்து நின்றார்கள்: புதிதாக வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “இது பழசு சார், போர்டோட மாத்திடுங்க” என்பது. சர்வீஸ்காரர்களிடம் கிடைக்கும் இன்னொரு பதில், “ஃபார்மட் பண்ணிடலாம்” என்பது. முதல் யோசனைக்குத் தேவையில்லாத செலவு; இரண்டாவது, செலவில்லாமல் சில வாரங்களுக்கு மட்டும் நிம்மதி. இரண்டிலுமே மந்தத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. பழைய டெஸ்க்டாப் முழுவதும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. அதில் ஒன்றிரண்டு உறுப்புகள் மட்டும் வெகுவாகப் பின்தங்கிவிடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்து, சரியான வரிசையில், ஒரு வரம்புக்குள் மாற்றினால் பெரும்பாலான பெட்டிகள் இன்னும் சில ஆண்டுகள் ஒழுங்காக உழைக்கும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாத பெட்டிகளும் உண்டு. இந்த இரண்டு வகையையும் பிரித்தறிவதுதான் கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு மிகவும் தேவை.

கணினி செய்த ஊர்

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் டெஸ்க்டாப் கணினி பூட்டிய ஊர்களில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. வரிச் சலுகையும் சென்னைத் துறைமுகத்தின் நெருக்கமும் சேர்ந்து எச்சிஎல், விப்ரோ, ஏசர், லெனோவா ஆகிய பெயர்களை இங்கே கொண்டுவந்தன. அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இன்றும் இருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றின் பின்பக்க ஸ்டிக்கரில் ‘பாண்டிச்சேரி’ என்றோ ‘புதுச்சேரி’ என்றோ அச்சிட்டிருக்கும். அந்த நிறுவனங்களில் சில பிறகு இந்தத் தொழிலை விட்டுப் போயின. விப்ரோ 2013-இல் தன் பெயரில் கணினி தயாரிப்பதை நிறுத்தியது. எச்சிஎல் கணினிகளும் சந்தையிலிருந்து மறைந்தன. லெனோவா தங்கியது, 2024 செப்டம்பரில், தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்கள் தயாரிக்கப்போவதாக அறிவித்தது.

நிறுவனம் இந்தத் தொழிலை விட்டபின்பும் அது செய்த பெட்டி ஏன் செத்துப்போகவில்லை என்று பார்த்தால், இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு முதல் ஆதாரம் கிடைக்கும். டெஸ்க்டாப், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகளின்மேல் கட்டப்பட்ட கருவி. மதர்போர்டு, கேபினெட், பவர் சப்ளை ஆகியவற்றின் அளவையும் இணைப்பையும் வகுத்த ஏடிஎக்ஸ் விதி 1995-இல் வந்தது. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா விதி 2003-இல் வந்தது. அதனால், 2010-இல் பூட்டிய பெட்டியில் இன்று கடையில் வாங்கும் சாட்டா எஸ்எஸ்டியை அப்படியே செருகலாம். மொபைலுக்கு இந்த வசதி கிடையாது. ரேமையும் ஸ்டோரேஜையும் போர்டிலேயே ஒட்டிவிடும் புதிய லேப்டாப்புகள் பலவற்றுக்கும் கிடையாது. பகுதி பகுதியாக மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்த கருவியை மொத்தமாகத் தூக்கிப் போடுவது, அந்த வடிவமைப்புக்காக ஏற்கெனவே கொடுத்த காசை வீணாக்குவதாகும்.

மந்தம் எங்கிருந்து வருகிறது?

பழைய பெட்டியின் மந்தத்துக்கு எல்லோரும் பிராசசரைக் குற்றம் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. தேவையான தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல். அந்த முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லி நொடி ஆகும். ஆகமொத்தம், டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு சிறு துண்டையும் எடுக்கச் சுமார் 12, 13 மில்லி நொடி. நொடிக்கு ஏறத்தாழ 80 துண்டுதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கும், ஆன்டிவைரஸ் ஓடுவதற்கும், பிரவுசர் திறப்பதற்கும் இப்படிப்பட்ட சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அதுவரை பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே துண்டை 0.1 மில்லி நொடி அளவில் எடுத்துத் தருகிறது. வித்தியாசம் நூறு மடங்கு.

பிராசசர் பக்கம் இப்படிப்பட்ட பாய்ச்சல் நிகழவில்லை. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3-க்கும் இன்றைய ஐ3-க்கும் வேக வித்தியாசம் பெரியதுதான். ஆனால் டாலியில் ஒரு வவுச்சர் போடவோ, எக்ஸெல் தாளைத் திறக்கவோ, ஜிஎஸ்டி தளத்தில் படிவம் நிரப்பவோ அந்தப் பழைய ஐ3-யே போதும். இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெட்டி திணறும்போது அதைப் பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று பிராசசர் 20 சதவீதத்தில் இருந்தால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரேம் போதவில்லை. பிராசசர் ஓயாமல் 100 சதவீதத்தில் இருந்தால், பெட்டி அந்த வேலைக்கு உண்மையாகவே போதாது. இந்தச் சில நிமிடச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கடைக்கும் போகக் கூடாது.

செலவின் வரிசை

பெட்டியில் இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதல் ரூபாய் எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும். அலுவலக வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய போர்டுகளில் சாட்டாவின் இரண்டாம் பதிப்பே இருக்கும், அதில் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று சிலர் தடுப்பார்கள். பெரிய வீடியோவைப் பிரதி எடுக்கும்போது அது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டியது சிறு துண்டுகளை உடனுக்குடன் எடுக்கும் திறன். அந்தத் திறன் பழைய இணைப்பிலும் பெருமளவு கிடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீசவும் வேண்டாம். அதன் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையை இலவச மென்பொருள் ஒன்றால் பார்த்து, கெட்டுப்போன பகுதிகள் இல்லையென்றால் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். புதிய எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் பெயர் தெரியாத சரக்கைத் தவிர்க்க வேண்டும். அட்டையில் எழுதிய கொள்ளளவு உள்ளே இல்லாத போலிகள் ஆன்லைன் சந்தையில் உலவுகின்றன. பில்லும் மூன்று ஆண்டு வாரன்டியும் உள்ள எஸ்எஸ்டிக்கு முந்நூறு, நானூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவது ரேம். 64 பிட் விண்டோஸ் 10 மட்டுமே சுமார் 2 ஜிபியை எடுத்துக்கொள்கிறது. 4 ஜிபி உள்ள பெட்டியில், பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் மீதி 2 ஜிபியும் காலி. அதற்குப் பிறகு கணினி ரேமில் இடமில்லாததை டிஸ்க்கில் வைத்து எடுக்கத் தொடங்குகிறது, மந்தம் இரட்டிப்பாகிறது. ஆகவே 4 ஜிபி உள்ள பெட்டியை 8 ஜிபி ஆக்குவது பயனுள்ள செலவு. அலுவலக வேலைக்கு 8-இலிருந்து 16-க்குப் போவது பெரும்பாலும் வீண். ஃபோட்டோ, வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். வாங்கும்முன் எந்த வகை ரேம் என்று பார்த்தாக வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டின் வெட்டுப்பள்ளமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஆறாம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் சில டிடிஆர்3எல் என்ற குறைந்த மின்னழுத்த வகையைக் கேட்கும். இரண்டு ஸ்லாட் இருந்தால், இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபியைச் சேர்ப்பது, அதைக் கழற்றிவிட்டு ஒரே 8 ஜிபி போடுவதைவிட மலிவு; இரண்டும் இணைந்து ஓடுவதால் வேகமும் சற்றுக் கூடும்.

மூன்றாவது, காசே அதிகம் ஆகாத பராமரிப்பு. கடலோர ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் தங்கப் பற்களிலும் ஸ்லாட்டிலும் மெல்லிய படலத்தை உண்டாக்கும். திடீரென்று ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று சர்வீஸுக்கு வரும் பெட்டிகள் பல, ரேமைக் கழற்றிப் பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் துடைத்து மறுபடி பொருத்தினாலே எழுந்துவிடும். பிராசசர் மேல் உள்ள விசிறியின் தூசியை நீக்கிப் புதிய தெர்மல் பேஸ்ட் போட்டால் சூடு குறையும்; சூடு குறைந்தால், தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வதைப் பிராசசர் நிறுத்தும். நாளும் தேதியும் மாறிக்கொண்டே இருந்தால் போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறினால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் திறக்க மறுக்கும். பத்து வயது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஓசை எழுப்பினாலோ, பெட்டி தானாக அணைந்தாலோ, அதை மட்டும் தயங்காமல் மாற்ற வேண்டும். கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ் தன்னோடு போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பிராசசரை மாற்றுவது கடைசி. பழைய ஐ3-ஐக் கழற்றி அதே சாக்கெட்டுக்கான செகண்ட் ஹேண்ட் ஐ5 போடலாம்; விலையும் குறைவு. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் திணறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் அதைச் செய்ய வேண்டும். போர்டின் பயாஸ் அந்தப் பிராசசரை ஏற்குமா என்று பார்ப்பதும் அவசியம்.

எங்கே நிறுத்துவது?

மேம்படுத்தலில் காசு கரைவது பெரும்பாலும் முதல் செலவில் அல்ல, மூன்றாவது, நான்காவது செலவில்தான். எஸ்எஸ்டி போட்டாயிற்று, ரேம் போட்டாயிற்று, இனி போர்டையும் மாற்றிவிட்டால் என்ன என்ற ஆசையில் பலர் சறுக்குகிறார்கள். போர்டை மாற்றினால் பிராசசர் மாற வேண்டும். பிராசசர் மாறினால் ரேம் வகை மாறும். ரேம் மாறினால் அண்மையில் வாங்கிய டிடிஆர்3 வீண். கேபினெட் மட்டும்தான் பழையதாக மிஞ்சும். அது மேம்படுத்தல் அல்ல. தவணை முறையில் புதுக் கணினி வாங்குவது.

எனவே ஒரு வரம்பு வேண்டும். அதே வேலையைச் செய்யும் புதிய கணினி ஒன்பது ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மேம்படுத்திய பழைய பெட்டி மூன்று ஆண்டு உழைத்தாலே போதும் என்று அடக்கமாக எதிர்பார்ப்போம். அப்படியானால், புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே செலவழிக்கும்வரை ஆண்டுக் கணக்கில் நமக்கு லாபம். அதைத் தாண்டினால் நஷ்டம். இந்தக் கணக்கில் எஸ்எஸ்டிக்கு ஒரு சலுகை உண்டு. பெட்டி செத்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த பெட்டியில் போடலாம் என்பதால் அது முழுக்கப் பழைய பெட்டிக்கான செலவு ஆகாது. பழைய வகை ரேமும் செகண்ட் ஹேண்ட் பிராசசரும் அந்தப் பெட்டியோடு போய்விடும். அவற்றில்தான் கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

வயதுக்கும் ஓர் எல்லைக்கோடு போடலாம். டிடிஆர்2 ரேம் கொண்ட கோர் 2 டுயோ காலத்துப் பெட்டிக்கு எதுவும் வாங்க வேண்டாம். அதற்கான ரேம் அரிது. இன்றைய விண்டோஸ் 11 பதிப்புகள் அந்தப் பிராசசர்களில் எழவே எழாது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறைவரை உள்ள இன்டெல் பெட்டிகளுக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டாம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் தாராளமாகச் செலவழிக்கலாம். விண்டோஸ் 11 அவற்றில் முறைப்படி ஓடும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘உங்கள் கணினி தகுதியற்றது’ என்ற செய்தியைக் கண்டு 2018-க்குப் பிந்தைய பெட்டியை விற்றுவிடக் கூடாது. பல பெட்டிகளில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்தே கிடக்கும். இன்டெல் போர்டுகளில் அதற்கு பிடிடி என்று பெயர். அதை ஆன் செய்தாலே தகுதி வந்துவிடும், செலவு பூஜ்யம்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் புத்தம் புதியது மட்டுமே வழி அல்ல. பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப்புகள் புதுப்பித்த சரக்காகச் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. போர்டு மாற்றுவதைவிட இது நல்ல பேரம். வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இத்தகைய கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் இணைப்பு பொது அளவில் இருக்காது, லெனோவா, டெல் போன்றவை தனி வடிவ பின்களை வைத்திருக்கும். உள்ளூர்க் கடையில் அதற்கு மாற்று கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பு: வலுவான ஆட்சேபம்

பழையதை வைத்துக்கொள்வதற்கு எதிரான வாதங்களில் கனமானது பாதுகாப்பு. ஆதரவு முடிந்த விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். வங்கிப் பரிமாற்றமும் ஜிஎஸ்டியும் நடக்கும் பெட்டியில் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆட்சேபம் நியாயமானது. இதற்கு “ஒன்றும் ஆகாது” என்பது பதில் அல்ல. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டது. அதே பாதையில்தான் விண்டோஸ் 10-உம் போகும்.

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. பாதுகாப்பு என்பது மென்பொருளின் பிரச்சினை. அதற்கு இரும்பை மாற்றுவது பல வழிகளில் ஒன்று மட்டுமே. வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை அறிவித்தது. 30 டாலர் கட்டியோ, கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்வதற்குச் சம்மதித்துக் கட்டணமின்றியோ அதைப் பெறலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கணினிக்கு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும், மூன்று ஆண்டுவரை. நிறுவனம் இந்தத் தொகையையும் மூன்றில் ஒரு பங்கு வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்திலேயே பல பெட்டிகள் வரம்பைத் தாண்டிவிடும். தகுதியில்லாத பெட்டியில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. அப்படி ஏற்றிய பெட்டிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. பணம் புழங்கும் கணினியில் அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

இன்னொரு வழி லினக்ஸ். தமிழகம் 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. ஒரு தலைமுறை மாணவர்கள் அதில் படித்து வெளியே வந்துவிட்டார்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றின் நீண்ட ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு திருத்தங்கள் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆஃபீஸும் உண்டு. பிரவுசரில் நடக்கும் வேலைகளுக்கும் படிப்புக்கும் கடிதங்களுக்கும் அது போதும். ஆனால் எல்லோருக்கும் லினக்ஸ் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. டாலி லினக்ஸுக்கென்று எழுதப்பட்டதல்ல. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பழைய பிரின்டரும் ஒத்துழைக்குமா என்று பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிச் சோதித்த பிறகே மாற வேண்டும். இரண்டு பெட்டிகள் உள்ள அலுவலகம், ஒன்றை விண்டோஸில் டாலிக்கு வைத்துக்கொண்டு, மெயிலையும் இணையத்தையும் லினக்ஸ் பெட்டிக்கு மாற்றிவிடலாம். இதில் உதவி வேண்டுவோருக்குப் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன.

இணையமே தேவைப்படாத பெட்டிகளும் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதில் தமிழ் அழைப்பிதழ் அடிக்கும் டிடிபி கடைகள் இன்றும் இருக்கின்றன. பழைய சீரியல் போர்ட் வழியாக இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்பும் பட்டறைகளும் உண்டு. புதிய கணினிகளில் அந்த போர்ட்டே பெரும்பாலும் கிடையாது. இத்தகைய பெட்டிகளில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்டி போட்டு, அதன் முழுப் பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பதே சரியான முதலீடு.

மின்சாரம், நம்பகம், ரேம் விலை

பழைய பெட்டி மின்சாரத்தைத் தின்னும் என்பது அடுத்த ஆட்சேபம். இதையும் கணக்கிடலாம். பழைய டெஸ்க்டாப், புதிய சிறு கணினியைவிட 40 வாட் அதிகம் எடுக்கிறது என்று கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 96 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் ஆண்டுக்கு 768 ரூபாய். மின்சாரத்தை மிச்சப்படுத்தி மட்டும் புதுக் கணினியின் விலையை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இரவு பகலாக ஓடும் பெட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

பழைய போர்டு எந்த நாளும் போய்விடலாம் என்பது உண்மை. ஆனால் போர்டு போனால் இழப்பது சில ஆயிரம் ரூபாய். கணக்கும் கோப்பும் போனால் தொழிலே நிற்கும். அந்த ஆபத்து புதுக் கணினிக்கும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரையில் வைத்த கேபினெட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அதன் வயதை யாரும் பார்க்கப்போவதில்லை. வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் எடுத்து வேறு இடத்தில் வைக்கும் பேக்கப், எந்த வாரன்டி அட்டையும் தராத பாதுகாப்பைத் தரும். வாரன்டி கருவியை மாற்றித் தரும். தகவலை மீட்டுத் தராது.

கடைசி ஆட்சேபம் புதியது. 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களின் பசிக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் உற்பத்தியைச் சர்வர் பக்கம் திருப்பின. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான ‘குருஷியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. சில ஆண்டுகளுக்கு முன் 1,500 ரூபாய் அளவில் கிடைத்த 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பழைய விலைக்கு எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் மேம்படுத்தல் கட்டுப்படியாகாதே என்று கேட்கலாம். ஆனால் இந்த விலையேற்றம் என் வாதத்துக்கு வலுவையே சேர்க்கிறது. புதுக் கணினிக்குள்ளும் அதே ரேமும் அதே எஸ்எஸ்டியும்தான் இருக்கின்றன. அதன் விலையும் அதனால் ஏறுகிறது. பழைய பெட்டி வைத்திருப்பவரிடம் ரேமின் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அவர் வாங்க வேண்டியது மீதிப் பங்கு மட்டும். விலை உயர்ந்த காலத்தில்தான் கையில் இருப்பதைக் காப்பாற்றுவது அதிக லாபம் தரும்.

ஒரு பெட்டியின் முழு விலை

கணினியின் விலை கடை பில்லோடு முடிவதில்லை. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் எரிக் வில்லியம்ஸ் 2004-இல் வெளியான தம் ஆய்வில், ஒரு டெஸ்க்டாப்பையும் 17 அங்குல சிஆர்டி மானிட்டரையும் தயாரிக்கக் குறைந்தது 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ ரசாயனங்கள், 1,500 கிலோ தண்ணீர் தேவைப்படுகின்றன என்று கணக்கிட்டார். பயன்பாட்டைவிடத் தயாரிப்பே கூடுதல் ஆற்றலைக் குடிப்பதால், கணினியை மறுசுழற்சிக்கு அனுப்புவதைவிட மேம்படுத்தி ஆயுளை நீட்டுவதோ மறுவிற்பனை செய்வதோ பல மடங்கு ஆற்றலை மிச்சப்படுத்தும் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. மானிட்டர்கள் மெலிந்துவிட்டன, எண்கள் மாறியிருக்கும்; ஆனால் சிப் தயாரிப்பு இன்றும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பெருமளவில் விழுங்கும் தொழில்தான். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐ.நா. அறிக்கை பதிவுசெய்தது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், தயாரிப்பாளர்கள்மேல் மறுசுழற்சிக் கடமையைச் சுமத்துகின்றன. ஆனால் பெட்டி கழிவாவதையே தள்ளிப்போடும் பொறுப்பு, அதை வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது.

அரசுக்கும் இதில் செய்ய நிறைய உண்டு. அலுவலகங்களும் பள்ளிகளும் கல்லூரிகளும் குறிப்பிட்ட வயதானதும் கணினிகளைக் கழிவு என்று முத்திரை குத்தி மொத்தமாக ஏலம் விடுகின்றன. வயதை அளவுகோலாக வைக்காமல், டிஸ்க், ரேம், தலைமுறை ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே கழிக்க வேண்டும் என்று விதி வகுக்கலாம். ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஆய்வகக் கணினிகளுக்கு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் பள்ளிப் பாடத்துக்கு அவை தாராளமாகப் போதும். ஐடிஐ பாடத்திட்டத்தில் கணினி வன்பொருள் பராமரிப்பு ஒரு தொழிற்பிரிவாகவே இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர்கள் அரசுப் பள்ளிகளின் பெட்டிகளைத் திறந்து மேம்படுத்தினால் பயிற்சியும் நடக்கும், பொதுப் பணமும் மிஞ்சும். தொழிற்பேட்டைகளில் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை முகாம் நடத்தினால், எந்தப் பெட்டிக்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று சிறு ஆலைகள் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் அறிந்துகொள்ளும்.

இதில் உள்ளூர்ப் பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது. புதுக் கணினிக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி சிப் தயாரிக்கும் வெளிநாடுகளுக்குப் போகிறது. மேம்படுத்தலில் உதிரி பாகத்தின் விலை அங்கே போனாலும், கழற்றி மாட்டும் கூலி, பழைய தகவலைப் பத்திரமாக மாற்றித் தரும் கூலி, ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் இதே ஊரின் தெருக்களில் சுற்றுகின்றன. கணினிகளைப் பூட்டி நாட்டுக்கெல்லாம் அனுப்பிய ஊர், அவற்றைப் பழுதுபார்த்து வாழவைக்கும் தொழிலையும் பெருமையோடு வளர்க்கலாம். அதற்கான கைகள் இங்கே இருக்கின்றன. வேலை கொடுப்பவர்கள்தான் வேண்டும். ஆகவே பெட்டி திணறும்போது முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எத்தனையாவது தலைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த வரம்புக்குள் வேலை முடியும் என்றால் பழையதை மேம்படுத்துங்கள். முடியாது என்றால் தயங்காமல் அதற்கு விடைகொடுத்துவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள்.